8 டிபிக்கு மேல் ஹார்டு டிஸ்க் வாங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்யாணப் படம் எடுப்பவர்கள், எடிட்டிங் செய்பவர்கள், பதினைந்து வருடக் குடும்பப் படங்களை நாலைந்து பழைய டிஸ்க்குகளில் சிதறவிட்டு வைத்திருப்பவர்கள் ஆகியோரிடமிருந்து வரும் கேள்விகள் இவை. ஹார்டு டிஸ்க் என்று இங்கே சொல்வது தட்டு சுழலும் வகையை மட்டும்தான். டிபி என்பது டெராபைட், அதாவது 1,000 ஜிபி.

எத்தனை டிபி வாங்கினால் போதும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 100 மெகாபிட் வீதத்தில் 4கே வீடியோ பதியும் கேமரா மணிக்கு 45 ஜிபி தின்னும். மூன்று கேமரா, மாலை ரிசப்ஷனும் காலை முகூர்த்தமுமாக ஆறு மணி நேரம் ஓடினால் 810 ஜிபி. படம் ஒன்றுக்கு 50 எம்பி என்று 3,000 ரா படங்கள் (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிப்பவை) சேர்ந்தால் இன்னொரு 150 ஜிபி. ஆக, ஒரு கல்யாணம் ஏறக்குறைய 1 டிபி. தை, வைகாசி, ஆவணி என்று வரிசையாக முகூர்த்தம் வந்தால் 8 டிபி டிஸ்க் எட்டுக் கல்யாணத்தில் நிரம்பிவிடும்.

சிசிடிவிக்கு இன்னும் எளிது. 4 மெகாபிட்டில் ஓடும் கேமரா ஒன்றுக்கு நாளொன்றுக்கு 43 ஜிபி. எட்டுக் கேமரா, 30 நாள் பதிவு வேண்டுமென்றால் 10.4 டிபி. 12 டிபி வாங்க வேண்டும். வீட்டுப் படங்களுக்கும் ஆவணங்களுக்கும் பெரும்பாலும் 4 டிபியே மிஞ்சும்.

எந்தக் கணக்கு வந்தாலும் அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். வாங்க வேண்டியது ஒரு டிஸ்க் இல்லை, இரண்டு. கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு 16 டிபிதான் வரும் என்றால், அதை விட்டுவிட்டு இரண்டு 8 டிபி வாங்கி இரண்டிலும் ஒரே தரவை வையுங்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காமல் போனாலும் இதை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம்.

8 டிபி டிஸ்க்கில் விண்டோஸ் 7.27 என்று காட்டுகிறது. மீதி எங்கே?

எங்கும் போகவில்லை. கம்பெனி 1 டிபியை 1,00,000 கோடி பைட் என்று எண்ணுகிறது. விண்டோஸ் 1,024-ன் மடங்குகளில் எண்ணிவிட்டு அதையும் டிபி என்றே எழுதுகிறது. 4 டிபிக்கு 3.63, 12-க்கு 10.91, 16-க்கு 14.55, 20-க்கு 18.19 வர வேண்டும். இதற்குக் குறைவாக, குறிப்பாக 2 டிபி அளவில் நின்றுவிட்டால், அது வேறு கோளாறு: டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது, அல்லது நீங்கள் மாட்டியிருக்கும் யுஎஸ்பி டாக் மிகப் பழையது. எம்பிஆர் 2.2 டிபிக்கு மேல் எண்ணத் தெரியாத முறை. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்டில் ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றுங்கள், அதுவும் தரவு ஏற்றுவதற்கு முன்பே.

சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று சொல்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயமே அதுதான். பெட்டியின் மேல் பெரும்பாலும் அச்சிட மாட்டார்கள்.

ஹார்டு டிஸ்க்கின் தட்டில் தரவு வட்ட வட்டமான தடங்களாகப் பதிகிறது. சிஎம்ஆரில் ஒவ்வொரு தடமும் தனித்தனி. எஸ்எம்ஆரில் இடத்தை மிச்சப்படுத்த, ஒரு தடத்தின் ஓரத்தின் மேல் அடுத்த தடம் ஏறி உட்காரும். ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி. படிக்கும் ஹெட் குறுகலானது என்பதால் வெளியே தெரியும் பகுதியைப் படித்துவிடும். எழுதும் ஹெட் அகலமானது. நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் அதன் மேல் கிடக்கும் ஓடுகளையெல்லாம் எடுத்து, மாற்றி, மறுபடி வரிசையாக அடுக்க வேண்டும் அல்லவா, அதே வேலையை டிஸ்க்கும் செய்கிறது. சின்ன ஃபைல் ஒன்றைத் திருத்தினாலும் அது இருக்கும் பகுதி முழுவதையும் திரும்ப எழுத நேரும்.

இந்தத் தாமதம் தெரியாமல் இருக்க, டிஸ்க்கில் கொஞ்சம் இடத்தைச் சாதாரண முறையில் ஒதுக்கி, வருவதையெல்லாம் முதலில் அங்கே கொட்டி வைத்துவிட்டு, ஓய்வு நேரத்தில் இடம் மாற்றும். அதனால்தான் முதல் சில பத்து ஜிபி வேகமாகப் போய், பிறகு திடீரென்று விநாடிக்கு 20, 30 எம்பிக்கு விழுந்துவிடுகிறது. கேபிள் கோளாறு, வைரஸ் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். ரெய்டில், அதாவது ஒன்று பழுதானாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் முறையில் போட்டால் இன்னும் மோசம். பழுதான டிஸ்க்குக்குப் பதில் புதிதை வைத்துத் தரவை மறுபடி கட்டும் வேலை நாள்கணக்கில் இழுக்கும். சமயத்தில் ரெய்டு கன்ட்ரோலர் அந்த டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்டி வெளியே தள்ளிவிடும்.

2020-ல் இது பெரிய விவகாரமானது. நாஸ் பெட்டிகளுக்கென்று (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டிகள்) விற்கப்பட்ட டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான மாடல்கள் சொல்லாமல் எஸ்எம்ஆருக்கு மாறியிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. அதற்குப் பிறகு அந்த வரிசையைப் பிரித்தார்கள். ரெட் என்று மட்டும் இருந்தால் எஸ்எம்ஆர், ரெட் பிளஸ், ரெட் புரோ என்றால் சிஎம்ஆர். சீகேட்டில் அயர்ன்வுல்ஃப் சிஎம்ஆர், 3.5 அங்குல பாராகுடாவில் 4 டிபி, 8 டிபி மாடல்கள் எஸ்எம்ஆர். தோஷிபாவில் என்300 சிஎம்ஆர், பி300-ன் 4, 6 டிபி எஸ்எம்ஆர். மாடல் எண்ணின் கடைசி எழுத்துகள் வரை பாருங்கள்: டபிள்யூடி40இஎஃப்ஆர்எக்ஸ் சிஎம்ஆர், டபிள்யூடி40இஎஃப்ஏஎக்ஸ் எஸ்எம்ஆர். வித்தியாசம் ஒரே எழுத்துதான்.

10 டிபியும் அதற்கு மேலும் கடையில் கிடைக்கும் 3.5 அங்குல டிஸ்க்குகள் ஏறக்குறைய எல்லாமே சிஎம்ஆர். சிக்கல் 2 முதல் 8 டிபி வரைதான். கையடக்க 2.5 அங்குல டிஸ்க்குகளில் 1 டிபிக்கு மேல் போனால் பெரும்பாலும் எஸ்எம்ஆர் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அதற்காக எஸ்எம்ஆரை ஒதுக்கித் தள்ளிவிட வேண்டியதில்லை. ஒருமுறை நிரப்பி அலமாரியில் வைக்கப் போகும் டிஸ்க் எஸ்எம்ஆராக இருந்தால் நஷ்டமில்லை, பொறுமை மட்டும் வேண்டும். எடிட்டிங்குக்கும் ரெய்டுக்கும்தான் வேண்டாம்.

சாதா, நாஸ், என்டர்பிரைஸ்: காசு வித்தியாசத்துக்கு ஏற்ற மதிப்பு இருக்கிறதா?

என்டர்பிரைஸ் என்பது டேட்டா சென்டர்களுக்கென்று செய்யும் வகை. மூன்று எண்களைப் பாருங்கள். முதலாவது, வருடத்துக்கு எத்தனை டிபி வேலை தாங்கும் என்பது. சாதா டிஸ்க்குக்கு 55 டிபி, நாஸ் வகைக்கு 180, என்டர்பிரைஸுக்கு 550 என்பது வழக்கமான அளவு. இதில் எழுதுவது மட்டுமல்ல, படிப்பதும் சேர்த்தி. 8 டிபி டிஸ்க்கை மாதம் ஒருமுறை முழுக்கப் படித்துச் சரிபார்த்தாலே வருடத்துக்கு 96 டிபி ஆகிவிடும். சாதா டிஸ்க்கின் கணக்கு அங்கேயே தாண்டிவிட்டது. இரண்டாவது வாரண்டி: பெரும்பாலும் 2, 3, 5 வருடம். மூன்றாவது, படிக்க முடியாத பிழை எத்தனை பிட்டுக்கு ஒன்று என்பது. 10-ன் 14 அடுக்கு என்றால் 12.5 டிபி படிப்பதற்குள் ஒரு பிழை வரக்கூடும் என்று பொருள். அதே எண் 15 அடுக்கானால் 125 டிபி. இது கம்பெனி ஒப்புக்கொள்ளும் மேல் வரம்பு. நடைமுறையில் இதைவிட நன்றாகவே ஓடும்.

ஸ்பெக்கில் எளிதில் கண்ணில் படாத வித்தியாசம் ஒன்று உண்டு. மோசமான இடத்தைப் படிக்க முடியாதபோது சாதா டிஸ்க் விடாப்பிடியாக நிமிடக்கணக்கில் முயலும். நாஸ் வகை 7 விநாடியில் கைவிட்டு, 'என்னால் முடியவில்லை, பக்கத்து டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொள்' என்று சொல்லிவிடும். ரெய்டில் இரண்டாவது குணம் வேண்டும். தனி டிஸ்க்காகப் பயன்படுத்தினால் முதல் குணமே நல்லது.

ஒரு டிஸ்க், தினமும் சில மணி நேரம் என்றால் நாஸ் வகை போதும். நான்குக்கு மேல் ஒரே பெட்டியில் ஓடினால் அதிர்வு ஒன்றையொன்று தொந்தரவு செய்யும். அதைத் தாங்கும் சென்சார் உள்ளதா என்று பாருங்கள். என்டர்பிரைஸ் டிஸ்க்குக்குச் சத்தமும் சூடும் அதிகம், படுக்கையறைக்கு ஆகாது. வேடிக்கை என்னவென்றால், பெரிய கொள்ளளவில் சில சமயம் என்டர்பிரைஸ் மாடலே நாஸ் மாடலைவிட மலிவாகக் கிடைக்கும். விலையைப் பார்க்காமல் முடிவு செய்துவிடாதீர்கள்.

எந்த பிராண்ட் நம்பகமானது?

உலகத்தில் இப்போது ஹார்டு டிஸ்க் செய்வது மூன்றே கம்பெனிதான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. மற்றப் பெயர்களெல்லாம் இவர்களின் டிஸ்க்கை உள்ளே வைத்த பெட்டிகள். பேக்பிளேஸ் என்ற அமெரிக்கச் சேமிப்பு நிறுவனம் தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்க்குகளின் பழுதுக் கணக்கை 2013 முதல் திறந்து வெளியிட்டு வருகிறது. மொத்தமாகப் பார்த்தால் வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வரை பழுதாகின்றன. அதில் தெரிவது பிராண்டு வித்தியாசத்தைவிட மாடல் வித்தியாசம் பெரிது என்பதுதான். சீகேட்டின் எஸ்டி3000டிஎம்001 என்ற 3 டிபி மாடல் கொத்துக் கொத்தாகச் செத்தது. அதே கம்பெனியின் வேறு மாடல்கள் வருடக்கணக்கில் நன்றாக ஓடின. 'எங்க ஸ்டுடியோவில் இருபது வருஷமா இந்த கம்பெனிதான்' என்ற அத்தாட்சிக்குப் பெரிய மதிப்பில்லை. நாலைந்து டிஸ்க்கை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

ஸ்பெக்கில் எம்டிபிஎஃப் (பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரம்) 25 லட்சம் மணி நேரம் என்கிறது. 285 வருடம் ஓடுமா?

ஓடாது. ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளை ஒன்றாக ஓட்டினால், வாரண்டி காலத்துக்குள் எந்த வீதத்தில் பழுதாகும் என்பதைத் திருப்பிப் போட்டுச் சொல்லும் எண் அது. 25 லட்சம் மணி என்றால் வருடத்துக்கு நூற்றுக்கு 0.35. மேலே சொன்ன களக் கணக்கு அதைவிடப் பல மடங்கு. உங்களிடம் இருக்கும் அந்த ஒரு டிஸ்க் நாளைக்கே போகலாம், எட்டு வருடமும் ஓடலாம்.

ஹீலியம் அடைத்த டிஸ்க் என்கிறார்களே, வாயு கசிந்துவிடாதா?

2013-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலுக்குச் சொந்தமான எச்ஜிஎஸ்டி 6 டிபியில் முதல் ஹீலியம் டிஸ்க்கைக் கொண்டுவந்தது. ஹீலியத்தின் அடர்த்தி காற்றில் ஏழில் ஒரு பங்கு. தட்டுகள் சுழலும்போது உராய்வும் அதிர்வும் குறைவதால் அதே உயரத்தில் கூடுதல் தட்டு வைக்க முடிகிறது, சூடும் குறைகிறது. உறை வெல்டிங் செய்து மூடப்பட்டது. கசிவு பெரிய பிரச்சினையாக எழவில்லை. கவலை இருந்தால் ஸ்மார்ட் பட்டியலில் (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் பதிவேடு) 22-ஆம் எண்ணைப் பாருங்கள், ஹீலியம் அளவு அங்கே 100 என்று இருக்க வேண்டும். ஒரு குறை: பழுதானால் திறந்து தரவு மீட்பது காற்று டிஸ்க்கைவிடக் கடினம், செலவும் அதிகம்.

வெளியில் மாட்டும் யுஎஸ்பி டிஸ்க் வாங்கலாமா, உள்ளே வைப்பதா?

3.5 அங்குல யுஎஸ்பி பெட்டி பேக்கப்புக்கு நல்லது. கையடக்க 2.5 அங்குலத்தில் இரண்டு குறை. ஒன்று, பல மாடல்களில் யுஎஸ்பி முனை டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். முனை ஆடிப்போனால் டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் போட முடியாது. மற்றொன்று, இந்த அளவில் இதுவரை வந்த அதிகபட்சமே 6 டிபிதான். உள்ளங்கை அளவில் '16 டிபி' என்று இரண்டாயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் தெரிந்தால் அது மோசடி. உள்ளே ஒரு மெமரி கார்டு இருக்கும், கணினியிடம் பொய்யான அளவைச் சொல்லும். இடம் தீர்ந்த பிறகு போடுவதெல்லாம் காற்றில் போகும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழு இடத்தையும் எழுதிப் படித்துப் பார்த்து இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சில யுஎஸ்பி பெட்டிகளின் போர்டு தானாகவே தரவைக் குறியாக்கம் செய்யும். போர்டு போனால் உள்ளே இருக்கும் டிஸ்க் நல்லபடி இருந்தும் நேரடியாக மாட்டிப் படிக்க முடியாது.

இன்னொன்று அடாப்டர். 3.5 அங்குலப் பெட்டிக்கு 12 வோல்ட். அதே மாதிரி முனை லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரிலும் இருக்கலாம். மாற்றிச் செருகினால் போர்டு ஒரு நொடியில் போய்விடும். அடாப்டர் தலையில் எந்த டிஸ்க்குடையது என்று ஸ்டிக்கர் ஒட்டிவைக்க ஒரு நிமிடம் ஆகாது.

யுஎஸ்பி பெட்டியைப் பிரித்து உள்ளே இருக்கும் டிஸ்க்கைக் கணினியில் மாட்டினேன், சுழலவே இல்லை.

டிஸ்க் பழுதாகியிருக்க வேண்டிய அவசியமில்லை. புதிய டிஸ்க்குகளில் சாட்டா (டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் வழக்கமான முறை) பவர் முனையின் மூன்றாவது பின் 'அணைந்திரு' என்ற கட்டளைக்கு மாற்றப்பட்டுவிட்டது. பழைய எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு உள்ளே மின்சாரம் தரும் பெட்டி) அந்தப் பின்னில் எப்போதும் 3.3 வோல்ட் அனுப்பும், டிஸ்க்கும் கீழ்ப்படிந்து அணைந்தே கிடக்கும். அந்தப் பின் மேல் சூடு தாங்கும் காப்டான் (Kapton) டேப்பை ஒட்டினால் சரியாகும். மோலெக்ஸிலிருந்து (பழைய நான்கு பின் பவர் முனை) சாட்டாவுக்கு மாற்றும் கேபிளும் வேலை செய்யும், ஆனால் முனை ஒரே வார்ப்பாகப் பிளாஸ்டிக் ஊற்றிச் செய்த மலிவு ரகம் உள்ளுக்குள் ஷார்ட்டாகித் தீப்பிடித்த கதைகள் நிறைய. கம்பிகளைத் தனித்தனியே அழுத்திச் செருகிய ரகம் வாங்குங்கள். பெட்டியைப் பிரித்தால் வாரண்டி சிக்கலாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெரிய டிஸ்க்குகள் பலவற்றில் நடு ஸ்க்ரூ துளையும் இடம் மாறியிருக்கும். பழைய கேபினட் தட்டில் நான்கில் இரண்டு ஸ்க்ரூதான் பிடிக்கும்.

புது டிஸ்க் வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

தரவை ஏற்றாதீர்கள். அதுதான் முதல் வேலை. பழுதான டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க ஆன்லைனில் பெரும்பாலும் ஏழு அல்லது பத்து நாள்தான் இருக்கும், அதற்குள் அதைக் கடுமையாக ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

உறையைப் பிரிக்கும்போதே பாருங்கள். மெல்லிய காகித உறையில், சுற்றிலும் மெத்தை இல்லாமல் வந்திருந்தால் மாட்டாமலே திருப்பி அனுப்பலாம். பிறகு லேபிளில் உள்ள சீரியல் எண்ணைக் கம்பெனி தளத்தில் வாரண்டிப் பக்கத்தில் போடுங்கள். முடியும் தேதியும், எந்த நாட்டுக்கு விற்கப்பட்டது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். சர்வர் கம்பெனிக்கு மொத்தமாக விற்ற டிஸ்க் என்றால் உங்களுக்கு நேரடி வாரண்டி கிடையாது என்று வரும்.

கணினியில் மாட்டி, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற மென்பொருளில் ஸ்மார்ட் விவரத்தைத் திறந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். ஓடிய நேரம் ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். அடுத்து ஸ்மார்ட் நீள்சோதனை. இது டிஸ்க் தானே தன்னை முழுக்கப் படித்துப் பார்க்கும் சோதனை, 16 டிபிக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். இடையில் யுஎஸ்பி பெட்டி தூங்கிவிட்டால் சோதனை அறுந்துவிடும், எனவே பவர் அமைப்பில் தூக்கத்தை அணைத்துவிடுங்கள்.

அடுத்ததாக முழு எழுத்து. விண்டோஸில் ஃபார்மட் செய்யும்போது 'குவிக் ஃபார்மட்' டிக்கை எடுத்துவிட்டால் டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதப்படும். விநாடிக்குச் சராசரி 200 எம்பி என்றால் 16 டிபிக்கு 22 மணி நேரம். வெளி விளிம்பில் 250-ஐத் தாண்டும் வேகம் உள் விளிம்பில் பாதியாகக் குறைவது இயல்பு, பயப்பட வேண்டாம். பழைய யுஎஸ்பி 2 துளையில் மாட்டிவிட்டால் இதே வேலைக்கு ஐந்து நாளுக்கு மேல் போகும். லினக்ஸில் பேட்பிளாக்ஸ் கட்டளை நான்கு வகை வடிவங்களை எழுதி எழுதிப் படிக்கும். 16 டிபிக்கு ஒரு வாரமே ஆகிவிடும், ஆகவே ஒரே வடிவத்தோடு நிறுத்துங்கள். 18 டிபியும் அதற்கு மேலும் என்றால் பிளாக் அளவை 8192 என்று கொடுக்க வேண்டும். 4096-ல் எண்ணிக்கை கொள்ளாமல் பிழை காட்டும்.

எல்லாம் முடிந்ததும் ஸ்மார்ட்டை மறுபடி பார்த்து ஸ்கிரீன்ஷாட்டோடு ஒப்பிடுங்கள். புது டிஸ்க்கில் 5, 197, 198 ஆகிய எண்களில் எதுவாவது பூஜ்யத்திலிருந்து நகர்ந்திருந்தால், ஒன்றே ஒன்றுதானே என்று விடாதீர்கள். திருப்பிக் கொடுங்கள்.

ஸ்மார்ட் பட்டியலில் எதைப் பார்ப்பது?

5 என்பது மோசமான இடத்துக்குப் பதிலாக மாற்று இடம் ஒதுக்கிய எண்ணிக்கை. 197 சந்தேகத்தில் நிறுத்தி வைத்திருப்பவை. 198 முயன்றும் படிக்க முடியாதவை. 187 கணினிக்கு 'முடியவில்லை' என்று சொன்ன தடவைகள். இந்த நான்கும் மூல மதிப்பில் பூஜ்யமாக இருக்க வேண்டும். 199 ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், அது பெரும்பாலும் சாட்டா கேபிள். மாற்றிவிட்டு எண் நிற்கிறதா என்று பாருங்கள். 192 கரண்ட் போய் ஹெட் அவசரமாக ஒதுங்கிய கணக்கு. சீகேட்டில் 1, 7 ஆகிய எண்களில் கோடிக்கணக்கில் ஏதோ இருக்கும். அது அவர்கள் எழுதும் முறை, பிழை எண்ணிக்கை இல்லை.

எல்லாம் பூஜ்யம் என்பதால் நிம்மதியாகத் தூங்கிவிடவும் முடியாது. கூகுள் தன் லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட அறிக்கையில், செத்துப்போன டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எந்த ஸ்மார்ட் எச்சரிக்கையும் தராமலே போயிருந்தன. மறுபக்கம், முதல் ஸ்கேன் பிழை காட்டிய டிஸ்க் அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. எச்சரிக்கை வந்தால் நம்புங்கள், வராததை நம்பாதீர்கள்.

ரீஃபர்பிஷ்டு, செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்கலாமா?

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டாலும் ஆன்லைனில் தேடினாலும், டேட்டா சென்டரில் ஓடிக் கழித்த டிஸ்க்குகள் பாதி விலைக்குக் கிடைக்கும். செகண்ட் ஹேண்ட் என்று சொல்லி, விற்பவரே எழுத்தில் வாரண்டி கொடுத்தால், மூன்றாவது காப்பிக்கு வாங்கலாம். ஒரே காப்பிக்கு வாங்கவே வேண்டாம்.

புதிது என்று சொல்லிப் பழையதைத் தருவதுதான் ஆபத்து. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைசே செய்தித் தளம் வெளிக்கொண்டுவந்த விவகாரம் இதுதான்: பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளின் ஸ்மார்ட் கணக்கைப் பூஜ்யமாக்கிப் புதிதாக விற்றிருந்தார்கள். ஆனால் சீகேட் டிஸ்க்குக்குள் ஃபார்ம் என்ற இன்னொரு பதிவேடு உண்டு. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் 7.4 பதிப்பிலிருந்து அதைப் படிக்கலாம். ஸ்மார்ட்டில் 3 மணி, ஃபார்மில் 20,000 மணி என்றால் விஷயம் தெரிந்துவிட்டது.

மிக மலிவாகத் தெரிந்தால் அது சர்வர்களுக்கான சாஸ் டிஸ்க்காகவும் இருக்கலாம். சாட்டா மாதிரியே இருக்கும், ஆனால் முனையின் நடு இடைவெளி அடைபட்டிருக்கும். தனிக் கன்ட்ரோலர் இல்லாமல் வீட்டுக் கணினியில் ஓடாது.

ரெய்டு போட்டுவிட்டேன். இன்னும் பேக்கப் வேண்டுமா?

வேண்டும். டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் ஓடத்தான் ரெய்டு. தவறி அழித்த ஃபோல்டர், ரான்சம்வேர், பெட்டியோடு திருட்டு, எஸ்எம்பிஎஸ் வெடித்து நான்கு டிஸ்க்கையும் ஒரே நேரத்தில் கொண்டுபோவது, இவை எதிலிருந்தும் அது காப்பாற்றாது. பெரிய டிஸ்க்குகளில், ஒரு டிஸ்க் போவதை மட்டும் தாங்கும் ரெய்டு 5 வேண்டாம். ஒன்று போய்ப் புதியதைக் கட்டும் ஒரு நாள், இரண்டு நாள் முழுவதும் மீதி டிஸ்க்குகள் தலைதெறிக்க ஓடும். அப்போது இன்னொன்று போனால் எல்லாம் போயிற்று. இரண்டு டிஸ்க் என்றால் இரண்டிலும் ஒரே தரவை எழுதும் ரெய்டு 1, ஐந்தாறு என்றால் இரண்டு போனாலும் தாங்கும் ரெய்டு 6.

எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து வாங்காதீர்கள். ஒரே தயாரிப்புத் தொகுதியில் குறை இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். பேக்கப் காப்பி ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும். ஸ்டுடியோவில் ஒன்று, வீட்டில் ஒன்று என்றால் போதும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. தனியாக யுபிஎஸ் வேண்டுமா?

பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் 'யுபிஎஸ் மோடு' என்று ஒரு சுவிட்ச் உண்டு. சாதாரண மோடில் கரண்ட் மாறும் இடைவெளியில் கணினி ரீஸ்டார்ட் ஆகும். அந்த மோடில் பெரும்பாலும் தாங்கும். டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், சுழலும் தட்டின் வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து ஹெட் ஒதுங்கிக்கொள்ளும், ஆகவே தட்டு கீறாது. கெடுவது எழுதிக்கொண்டிருந்த ஃபைலும் ஃபைல் சிஸ்டமும்தான். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். நான்கு டிஸ்க் ஒன்றாகக் கிளம்பினால் 8. தரமற்ற எஸ்எம்பிஎஸ் அங்கேதான் தடுமாறும்.

நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் தாங்குமா?

ஸ்பெக் 60 டிகிரி வரை சொல்லும். 30-லிருந்து 45 வரை வைத்துக்கொள்வது நல்லது. மே மாதம் ஏசி இல்லாத அறையில், மூடிய பெட்டிக்குள் 50-ஐத் தாண்டுவது சகஜம். எதிரே ஒரு 120 மி.மீ. ஃபேன் மெதுவாகச் சுழன்றாலே நன்றாகக் குறையும். ஏசி அறையில் குளிர்ந்து கிடந்த டிஸ்க்கை வெளியே கொண்டுபோய் உடனே மாட்டாதீர்கள், கண்ணாடியில் படிவது போல ஈரம் படியும். ஒரு மணி நேரம் உறைக்குள்ளேயே விட்டுவிடுங்கள்.

ஐந்து விநாடிக்கு ஒருமுறை 'டக்' என்கிறது. போய்விட்டதா?

டபிள்யூடியின் பெரிய ஹீலியம் டிஸ்க் என்றால் அது இயல்பு. ஹெட் ஒரே இடத்தில் நிற்காமல் இருக்க அவ்வப்போது நகர்கிறது. ஆனால் மாட்டியவுடன் 'டக் டக் டக்' என்று அடித்து, நின்று, மறுபடி அடித்தால் உடனே கரண்டை நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை போட்டுப் பார்க்கும்போதும் தட்டில் கீறல் கூடும். ஃப்ரிட்ஜில் வைப்பது, தட்டிப் பார்ப்பது எதுவும் வேண்டாம். அதே மாடல் போர்டை மாற்றினாலும் ஓடாது, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் போர்டில் உள்ள சிப்பில் இருக்கின்றன. சத்தமில்லாமல் மெதுவாக மட்டும் படித்தால் லினக்ஸின் டிடிரெஸ்க்யூ கொண்டு முதலில் படிக்க முடிந்ததையெல்லாம் வேறு டிஸ்க்குக்கு இழுத்துவிடுங்கள்.

அலமாரியில் வைத்த டிஸ்க் எத்தனை வருடம் தாங்கும்?

அலமாரியில் மறந்துபோன டிஸ்க்கை பேக்கப் என்று சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாட்டி, சில ஃபைல்களைத் திறப்பதோடு நிற்காமல் முழுக்கப் படிக்கவிடுங்கள். நகலெடுக்கும்போதே ஒவ்வொரு ஃபோல்டருக்கும் எஸ்எச்ஏ-256 செக்சம் (ஃபைலுக்குக் கைரேகை போன்ற எண்) பட்டியல் ஒன்றை உருவாக்கி இரண்டு டிஸ்க்கிலும் வைத்தால், ஒரு பிட் மாறியிருந்தாலும் எந்தக் காப்பி கெட்டது என்று தெரியும். இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த வேலையை ஃபைல் சிஸ்டமே பார்த்துக்கொள்ளும். விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ் போடுங்கள். எக்ஸ்ஃபேட் மேக்கிலும் ஓடும் என்பது உண்மை, ஆனால் பாதியில் கேபிள் பிடுங்கப்பட்டால் முதலில் சிதைவது அதுதான். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடும் டப்பாவில் வையுங்கள்.

வாரண்டியில் அனுப்பினால் தரவு திரும்ப வருமா?

வராது. வருவது பெரும்பாலும் பழுதுபார்த்த வேறொரு டிஸ்க். பழையது அவர்களிடமே போய்விடும், உள்ளே இருக்கும் படங்களோடு. செத்த டிஸ்க்கை அழிக்கவும் முடியாது என்பதால், வாங்கிய அன்றே பிட்லாக்கர் போன்ற குறியாக்கம் போட்டுவிடுவதுதான் வழி. மீட்புச் சாவியை அந்த டிஸ்க்கிலேயே வைத்துவிடாமல் தாளில் அச்சிட்டு வேறிடத்தில் வையுங்கள்.

பழைய டிஸ்க்கை எடைக்குப் போடலாமா?

ஓடும் டிஸ்க் என்றால் மேலே சொன்ன முழு ஃபார்மட்டை ஒருமுறை ஓட்டினால் போதும், ஏழு முறை எழுதத் தேவையில்லை. ஓடாத டிஸ்க் என்றால் டிரில்லால் தட்டு வரை மூன்று துளை போடுங்கள். 2.5 அங்குல டிஸ்க்குகளில் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, உள்ளேயே நொறுங்கித் தெறிக்கும். கண்ணுக்குக் கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.